தண்டவாளத்தில் ஓடும் ரம்பம்

இந்தத் தடவை நான் ரம்பம் போடப்போகிறேன். கோபித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். வழக்கமாக நான் போடுகிற ரம்பம் வேறு. இது மரம் அறுக்கிற நிஜ ரம்பம்!

"ரசப்பொடிக்கு அளவு சொல்றவளுக்கு ஆசாரி சாமான் எதுக்கு?" என்று என் வீட்டுக்காரரே கேட்டார். அவரிடம் சொன்ன பதிலைத்தான் உங்களிடமும் சொல்கிறேன். சமையலறை அலமாரியோ, குழந்தை துணி வைக்க பீரோவோ, ஒரு பரணோ... என்றாவது ஒருநாள் நம் வீட்டுக்குள் ஆசாரி வந்து இறங்கத்தான் போகிறார். பத்து நாள் அவருடைய மிஷின்தான் நம் வீட்டுக் கூடத்தை ஆளும். அது என்ன மிஷின், என்ன செய்யும் என்று வீட்டுக்காரி தெரிந்துகொள்ள வேண்டாமா?

எங்கள் ராஜகுளம் மகளிர் குழுவில் பதினான்கு பேர். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். கறவை மாடு, தையல் மிஷின், பள்ளிக்கூட ஃபீஸ் என்றுதான் கடன் கேட்பார்கள். போன மாதம் ஆசாரி அண்ணன் வீட்டுத் தங்கச்சி எழுந்து நின்றாள்.

"அக்கா, அவருக்கு ஒரு மிஷின் வாங்கணும். டிராக் சா-ன்னு பேரு. ஐம்பதாயிரம் வேணும்."

"ஒரு ரம்பத்துக்கு ஐம்பதாயிரமா!" என்று நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை.

"அவரோட இடது கை கட்டை விரலை எல்லாரும் பார்த்திருக்கீங்க இல்லே?"

சிரிப்பு அடங்கிவிட்டது. பார்க்காதவர் யார்? போன தை மாதம், ஒரு கல்யாண வீட்டுக்குக் கட்டில் செய்யும்போது, கட்டை விரலின் மேல் கணு போய்விட்டது. இரண்டு மாதம் வேலையில்லை. உளி பிடிக்கிற கை, இன்றைக்கும் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறது.

எனக்கு இன்னொரு கணக்கும் பாக்கி இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அதே ஆசாரி அண்ணன் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பீரோ செய்தார். தரையெல்லாம் மாவு கொட்டினாற்போல மரத்தூள். இரண்டு வயதுச் சின்னவன் அதில் கோலம் போட்டு விளையாடினான். நானும் "விளையாடட்டும், தொந்தரவில்லை" என்று சும்மா இருந்துவிட்டேன். ஐந்தாம் நாள் ராத்திரி அவனுக்கு வீசிங் வந்து, விலா எலும்பு உள்ளே இழுத்துக்கொண்டது. இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பீரோ பிரமாதமாக இருக்கிறது. அதைத் திறக்கும்போதெல்லாம் அந்த இரண்டு ராத்திரிதான் ஞாபகம் வருகிறது.

ஆகவே "பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்று நானே முன்வந்தேன். குழுவின் பொருளாளர் வேலை நான்தானே பார்க்கிறேன்!

அரிவாள்மனையும் கத்தியும்

முதலில் விஷயம் புரிய வேண்டும். நமக்குத் தெரிந்த சாமானை வைத்தே சொல்கிறேன்.

அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது அரிவாள் அசையாது, காயைத்தான் நாம் தள்ளுகிறோம். மரக்கடையில் மேஜைக்கு நடுவே பல் சக்கரம் சுழல, பலகையைத் தள்ளி அறுக்கிறார்களே, அது இந்த ஜாதி. பெரிய பலகைக்கு அது கஷ்டம். எட்டடிக்கு நாலடி, 18 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பிளைவுட் முப்பது கிலோவுக்குக் குறையாது. அதைத் தூக்கித் தள்ள இரண்டு ஆள் வேண்டும்.

கட்டையில் காயை வைத்துக் கத்தியால் நறுக்கினால், காய் அசையாது, கத்திதான் நகரும். கை மிஷின் ரம்பங்கள் எல்லாம் இந்த ஜாதி. பலகை தரையில் கிடக்கும், மிஷின் அதன் மேல் நடக்கும். ஆனால் எட்டடி நீளத்துக்குக் கை கோணாமல் நேராகப் போகுமா? போகாது. அதற்குத்தான் தண்டவாளம். அலுமினியத்தில் ஒரு நீளப் பட்டையைப் பலகையின் மேல் வைத்துவிட்டால், ரயில் மாதிரி மிஷின் அதன் மேலேயே ஓடும். இப்பக்கம் அப்பக்கம் நகராது. ஜெர்மனியில் ஃபெஸ்டோ கம்பெனி (இன்றைக்கு ஃபெஸ்டூல் என்று பெயர்) 1960-களிலேயே இந்தத் தண்டவாள முறையைக் கொண்டுவந்துவிட்டது. நம் பக்கத்துக்கு அது வந்து சேர இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

நம் ஊர்களில் அதற்குப் பதில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? டைல்ஸும் மார்பிளும் அறுக்கச் செய்த சின்ன கட்டரில் மரப்பல் சக்கரத்தை மாட்டி ஓட்டுகிறார்கள். விலை குறைவு, கைக்கு அடக்கம். ஆனால் அது கல்லுக்காகச் செய்தது. நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் சுற்று அளவில் சுழலும். வசதிக்கு இடைஞ்சல் என்று மூடியையும் கழற்றிவிடுவார்கள். ஆசாரி அண்ணன் விரலை வாங்கியது அதுதான்.

"மூடி இருந்தா கோடு தெரியாதும்மா. அதான் கழட்டிட்டேன்" என்றார் அவர், விரலைப் பார்த்துக்கொண்டே.

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு பரீட்சை

ஆசாரி அண்ணன் மகனின் சிநேகிதர் ஒருவர் காஞ்சிபுரத்தில் உள்வேலை எடுத்துச் செய்கிறார். அவர் தயவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கொல்லைக்கு மகிட்டா ஒன்று, டிவால்ட் ஒன்று, இரண்டு டிராக் சா வந்தன. கூடவே அண்ணனுடைய பழைய கட்டர். குழுவில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். என் மாமியார் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

என் பரீட்சை எளிமையானது. ஒரே பிளைவுட் துண்டு, மேலே வெள்ளை மைக்கா ஒட்டியது. ஒவ்வொரு மிஷினுக்கும் கீழே ஒரு கருநீலப் போர்வை. ஆளுக்கு நான்கு வெட்டு. அப்புறம் போர்வையைப் பார்ப்பது, விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பது.

பழைய கட்டர் ஓடியபோது போர்வை மட்டுமா, அத்தையின் நாற்காலி வரைக்கும் வெள்ளை! விளிம்பு வளைந்து வளைந்து போயிற்று. மைக்கா ஓரமெல்லாம் சிராய். "இதை மறைக்கத்தான் பட்டையா பீடிங் அடிக்கிறோம்" என்று அண்ணனே ஒப்புக்கொண்டார்.

டிராக் சா இரண்டிலும், முதலில் என் கண்ணில் பட்டது வெட்டின அழகு இல்லை. வெட்டாதபோது பல்லைக் காணோம்! சக்கரம் முழுவதும் கூட்டுக்குள்ளே ஒளிந்திருக்கிறது. பிடியை அழுத்தினால்தான் கீழே இறங்குகிறது. கையை எடுத்தால் ஸ்பிரிங் தூக்கித் தானே உள்ளே போய்விடுகிறது. ஆமை தலையை இழுத்துக்கொள்கிற மாதிரி! இரண்டு கையும் பிடியிலேயே இருப்பதால், வெட்டும் பாதையில் விரல் வைக்க வேலையே இல்லை. ஆசாரி வீட்டுத் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் அக்கா எனக்கு வேணும்" என்றாள்.

தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது. முதல் தடவை ஓட்டும்போது, மிஷினே அந்த ரப்பரைத் தன் அளவுக்கு நறுக்கிக்கொள்கிறது. அப்புறம் அந்த ரப்பர் ஓரம்தான் வெட்டுக்கோடு. பென்சில் கோட்டின் மேல் ரப்பரை வைத்தால் போதும், வெட்டு அங்கேயே விழும். மைக்காவை அந்த ரப்பர் அழுத்திப் பிடிப்பதால் சிராயும் எழும்பவில்லை. கவனியுங்கள்: தண்டவாளத்துக்கு அடியில் இருக்கிற துண்டுதான் சுத்தமாக இருக்கும். கழிந்து விழும் துண்டின் ஓரம் அத்தனை சுத்தமில்லை.

தூளா? மிஷினின் பின்னால் ஒரு குழாய் வாய் இருக்கிறது. அதில் வாக்குவம் கிளீனரை மாட்டியபோது போர்வையில் ஒரு சிட்டிகை அளவுதான். மாட்டாமல் ஓட்டியபோது பழைய கதைதான், தூள் பறந்தது. ஆகவே டிராக் சா வாங்கினால் தூள் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். டிராக் சாவும் உறிஞ்சியும் சேர்ந்தால்தான் தீரும். அதிலும் பலகையின் ஓரத்தைச் சீவும்போது கொஞ்சம் தப்பிக்கத்தான் செய்கிறது.

எது ஒசத்தி?

இனி ஒப்பீடு. கைக்கு வந்த இரண்டையும் பார்த்தேன். இன்னும் இரண்டைப் பற்றி விவரம் படித்தும், வேலைக்காரர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டேன்.

மகிட்டா எஸ்.பி. 6000: சக்கரம் 165 மில்லிமீட்டர், 1300 வாட். ஐந்தரை சென்டிமீட்டர் ஆழம் வரை இறங்கும். மைக்காவுக்கு ஒரு சௌகரியம், பொத்தானைத் தள்ளினால் முதலில் 2 மில்லிமீட்டர் மட்டும் கீறிவிட்டு வரலாம். இரண்டாம் ஓட்டத்தில் முழு ஆழம். இதன் மிஷின் ஃபெஸ்டூல் தண்டவாளத்திலும் ஓடும்.

டிவால்ட் டி.டபிள்யூ.எஸ். 520: இதுவும் 165 மில்லிமீட்டர், 1300 வாட். தண்டவாளம் இரண்டு பக்கமும் உபயோகமாகும். இந்த ஓரத்திலும் வெட்டலாம், அந்த ஓரத்திலும் வெட்டலாம். மிஷின் பின்னால் எத்தாமல் தடுக்க ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள். ஆனால் தண்டவாளம் தனி ஜாதி, அடுத்தவர் மிஷினுக்குச் சேராது.

ஃபெஸ்டூல் டி.எஸ். 55: முன்னோடி. சக்கரம் 160 மில்லிமீட்டர். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தகடு இருக்கும். வெட்டின பிளவு மறுபடி மூடிக்கொள்ளாமல் அது காக்கும். விலை எல்லோரையும்விட ஒசத்தி.

பாஷ் ஜி.கே.டி. 55: 165 மில்லிமீட்டர் சக்கரம், மோட்டார் கொஞ்சம் பெரிது, 1400 வாட். இதற்கும் தனித் தண்டவாளம்.

பாட்டரியில் ஓடுவதும் உண்டு. மகிட்டாவில் 18 வோல்ட் பாட்டரி இரண்டு சேர்த்துப் போடுகிற மாதிரி ஒன்று இருக்கிறது. கரெண்டு இல்லாத புது வீட்டில் வேலை செய்பவருக்கு அது வரப்பிரசாதம். பாட்டரி விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

இந்த இடத்தில் எங்கள் குழுத் தலைவியைச் சொல்ல வேண்டும். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "நம்ம உத்திரமேரூர்க் கோயில் சுவரிலேயே எழுதி வெச்சிருக்காங்களே, ஆளை எப்படித் தேர்ந்தெடுக்கிறதுன்னு" என்றார். வைகுந்தப் பெருமாள் கோயிலில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது அல்லவா? கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தது. குடவோலை எடுப்பதற்கு முன்பே, யார் யார் நிற்கக்கூடாது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் கூடாது என்பது அதில் ஒன்று. "அதே மாதிரி, முதல்ல கூடாததைத் தள்ளு. மிச்சத்துல எது வேணா எடு" என்றார்.

அப்படியே செய்தோம். பல் உள்ளே போகாத மிஷின் கூடாது. தூள் குழாய் மாட்ட வாய் இல்லாதது கூடாது. பக்கத்தில் சர்வீஸ் இல்லாதது கூடாது. பில் தராத கடை கூடாது. ஐந்தாவதாக அண்ணனின் மகன் ஒன்று சொன்னான், நான் யோசித்தே பார்க்காதது:

"சித்தி, மிஷினோட வர்ற தண்டவாளம் பெரும்பாலும் 1400 மில்லிமீட்டர்தான். பலகையோட அகலம் 1220, அதுக்குப் போதும். நீளம் 2440 ஆச்சே! அதுக்கு ரெண்டு சேர்க்கணும். பல பேர் மிஷினுக்கே காசு தீர்ந்துபோய் ஒத்தைத் தண்டவாளத்தோட நிப்பாங்க. நீள வெட்டுக்கு மறுபடி பழைய கட்டரைத்தான் எடுப்பாங்க."

பாருங்கள், விரலுக்கு ஆபத்து அங்கேதான் திரும்பி வருகிறது! இரண்டு தண்டவாளம் சேர்த்தால் 2800. மிஷின் ஏறி உட்கார முன்னும் பின்னும் ஒரு சாண் இடம் கிடைக்கிறது. சேர்த்த இடம் கோணாமல் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு டிவால்ட்டின் அந்தத் தடுப்புக் குமிழ் பிடித்திருந்தது. ஆசாரி அண்ணனுக்கு மகிட்டாதான் வேண்டும். காஞ்சிபுரத்துச் சிநேகிதரிடம் அதே ஜாதித் தண்டவாளம் இருக்கிறது, அவசரத்துக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார். "எத்தினால் என்ன செய்வீங்க?" என்று விடாமல் கேட்டேன்.

"பலகை நடுவுல தொங்கினாத்தாம்மா பிளவு மூடி, சக்கரத்தைக் கவ்வும். அப்போதான் மிஷின் எத்தும். தரையில தெர்மாகோல் பரப்பி பலகையை முழுசா படுக்க வெச்சு, பலகைக் கனத்தைவிட ரெண்டு மூணு மில்லிமீட்டர் மட்டும் அதிகமா இறக்கினா, தொங்கவும் செய்யாது, கவ்வவும் செய்யாது."

சரியான பதில். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு மிஷின், இரண்டு தண்டவாளம், ஒரு உறிஞ்சி. மூன்றும் சேர்ந்தால்தான் கடன், ஒன்று குறைந்தாலும் கிடையாது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம்.

உங்கள் ஊரில் இப்படிக் கேட்கிறவர்கள் இருந்தால் ஒரு தகவல். கைவினைஞர்களுக்காகக் கலைஞர் கைவினைத் திட்டம் 2025 ஏப்ரலில் நம் காஞ்சிபுரம் மாவட்டம் குன்றத்தூரில் தொடங்கிவைக்கப்பட்டது. மர வேலையும் அதில் ஒன்று. 35 வயது நிறைந்தவர்களுக்கு மானியத்தோடு கடன் என்று அறிவித்தார்கள். தற்போதைய நிலையை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தூள் என்றால் சும்மாவா?

உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1995-லேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. பிளைவுட் பசையில் கலக்கிற ஃபார்மால்டிஹைடை 2004-ல் அதே வகுப்பில் சேர்த்தது. பயந்துவிடாதீர்கள். பத்து நாள் நம் வீட்டில் வேலை நடந்ததால் அந்த வியாதி வந்துவிடாது. வருஷக் கணக்கில் தூளையே சுவாசிக்கிற தொழிலாளிக்குத்தான் அந்த ஆபத்து. நம் குழந்தைகளுக்கு உடனடித் தொந்தரவு இருமலும், தும்மலும், வீசிங்கும்தான். "உறிஞ்சி எதுக்கு, வெட்டி செலவு" என்று நாம் சொல்லும்போது, ஆசாரியின் மூச்சிலும் கை வைக்கிறோம் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆசாரி வீட்டுக்கு வருமுன்

நான் பட்டுத் தெரிந்துகொண்டவை, நீங்கள் படாமல் தெரிந்துகொள்ள:

• ஒரு வீட்டு வேலைக்காக யாரும் டிராக் சா வாங்க வேண்டாம். அது தொழில் செய்பவருக்கு. நாம் அளவுகளை எழுதிக் கொடுத்து, பிளைவுட் கடையிலேயே பெரிய மிஷினில் சைஸ் கட்டிங் செய்து எடுத்து வரலாம். முக்கால்வாசித் தூள் கடையிலேயே தங்கிவிடும். வீட்டில் ஓரம் சரிபார்ப்பது மட்டும்தான் பாக்கி.

• வீட்டில்தான் அறுக்க வேண்டுமென்றால் கொல்லையிலோ மொட்டைமாடியிலோ இடம் கொடுங்கள். கூடம் வேண்டாம்.

• மிஷின் ஐந்தரை ஆம்பியர், உறிஞ்சி ஐந்து ஆம்பியர் இழுக்கும். இரண்டையும் சாதாரண பிளக்கில் சேர்த்து மாட்டவிடாதீர்கள். 16 ஆம்பியர் பாயின்டில் மாட்டச் சொல்லுங்கள்.

• பிளைவுட்டுக்கும் மைக்காவுக்கும் நெருங்கிய பல் உள்ள சக்கரம் வேண்டும். 48 பல் நல்லது. 24 பல் சக்கரம் கட்டை மரத்தை நீளவாக்கில் அறுக்க.

• தொட்டி அருகே வைக்கும் பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை பாருங்கள், தண்ணீருக்குத் தாங்கும். ஐ.எஸ். 303 எம்.ஆர். வகை, ஈரம் படாத அறைகளுக்கு. ஈ-0, ஈ-1 என்று போட்டிருந்தால் பசை வாடை குறைவு. புது அலமாரியைச் சில வாரம் திறந்து காற்றாட விடுங்கள்.

• துடைப்பம் போட்டுப் பெருக்காதீர்கள், தூள் மேலே எழும்பும். ஈரத்துணியால் துடைப்பதே சரி. துண்டைக் கட்டிக்கொண்டால் நுண்ணிய தூள் நிற்காது. என்-95 மாஸ்க் ஆசாரிக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

• வீசிங் உள்ள குழந்தையை வேலை முடிந்து வீடு துடைக்கும்வரை பாட்டி வீட்டில் விடுங்கள்.

• தெய்வாதீனமாக எதுவும் நடக்க வேண்டாம். நடந்தால், சுத்தத் துணியால் காயத்தை அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸ் மேல் வைக்க வேண்டும். ஐஸுக்குள் நேரே போடக்கூடாது. அன்றைக்கு இது எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

போன வாரம் அதே ஆசாரி அண்ணன் எங்கள் சமையலறைக்குப் பரண் கதவு செய்து கொடுத்தார். கொல்லையில்தான் வேலை. சின்னவனுக்கு இப்போது நாலு வயது. அவன் பாட்டி ஊரில். விளிம்பைத் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருக்கிறது. பீடிங்கே வேண்டாம் என்றுவிட்டார் அண்ணன்!

சாயங்காலம் தங்கச்சி முதல் தவணையைக் கொண்டுவந்து கொடுத்தாள். எண்ணி வாங்கிக்கொண்டு, "பழைய கட்டர் எங்கே?" என்று கேட்டேன்.

"டைல்ஸ் போடற தம்பிக்குக் கொடுத்துட்டேன் அக்கா. கல்லு அறுக்கட்டும்" என்றாள்.

"மூடியோடதானே கொடுத்தே?"

"அதைத் தேடி மாட்டிட்டுத்தான் கொடுத்தேன்."

அடுத்த இதழில், ஐப்பசி மழையில் மரக்கதவு ஊதி, மூட முடியாமல் அடம்பிடிக்கிறதே, அதற்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம். அதுவரை, உங்கள் வீட்டு ஆசாரியிடம் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள்: "அண்ணே, வெட்டாதபோது உங்க மிஷின்ல பல்லு எங்கே இருக்கும்?"